ஏழு மைல் திரும்பிப் போன அரக்குப் பட்டு

பழைய துணி வாங்க இராஜபாளையம் போய் வந்ததை எழுதித் தரும்படி எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். நான் உடுத்திக்கொண்டு போவதைப் பார்த்து எங்கே வாங்கினது, என்ன விலை என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்காதவர்களுக்கும் நானே சொல்லிவிடுவேன். மலிவாக ஒன்று கிடைத்துவிட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் இந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் வாயைக் கட்டி வைத்திருந்தேன். இப்போது சொல்லலாம் என்று ஆகிவிட்டதால் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்கள் மாற்றியவை. வழியும் செலவும் உள்ளபடியே.

போனது 1946, தை மாதக் கடைசியில். சண்டை முடிந்திருந்தது, துணிப் பஞ்சம் முடியவில்லை. சர்க்கார் அளந்து கொடுக்கிற கண்ட்ரோல் கடையில் வரிசையில் நின்றால் கிடைப்பது தலையணை உறைக்கு ஆகிற முரட்டு வெள்ளைத் துணிதான். அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரரின் சித்தி மகளுக்கு. சித்தியை நான் சின்ன அத்தை என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கண்ட்ரோல் சேலையில் போய் நிற்க எனக்கு மனமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏழு மைல் தெற்கே இருக்கிற இராஜபாளையத்தில் பழைய துணி நன்றாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி, இராஜபாளையத்தில் உடுப்பைத் தேடிக்கொண்டு, மறுநாள் கல்யாணத்துக்குப் போவதாகத் திட்டம்.

வீட்டுக்காரர் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. அடுத்தவன் உடுத்திக் கழித்ததை நான் தொடமாட்டேன் என்று மதுரையிலிருந்து விருதுநகர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் போகிற ஊரின் கதை எங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? "நாம போற ஊர்ல சாமியே ஒருத்தி சூடிக் கழிச்ச மாலைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதுரையில் காலை ஏழே கால் வண்டி. விருதுநகரில் இறங்கித் தென்காசி வண்டிக்கு மாற வேண்டும். மாறுவதற்கு ஒரு மணி நேரம் போல இடைவெளி இருக்கும். மூன்றாம் வகுப்பு ஆளுக்கு ஒரு ரூபாய் ஏழணா, மொத்தம் அறுபத்து மூன்று மைல். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் வலது பக்கம் உட்காருங்கள், மலை கூடவே வரும். நாங்கள் இராஜபாளையத்தில் இறங்கியபோது மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, சாப்பிட்டதும் கிளம்பினோம்.

முதலில் சந்தை. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் தங்கள் உடுப்பையெல்லாம் சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு காக்கிக் கோட்டு எடுத்தேன். பழைய கோட்டு வாங்குகிறவர்கள் முதுகைப் பார்த்து ஏமாறக் கூடாது. கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பாருங்கள், அக்குளில் விரலை விட்டுப் பாருங்கள், பிறகு துணியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் கைவேலையில் தீர்ந்துவிடும். இந்தக் கோட்டில் பித்தளைப் பித்தான்கள் மட்டும்தான் பட்டாளத்தைக் காட்டிக் கொடுத்தன. கோட்டு நாலு ரூபாய், கறுப்பு மரப் பித்தான் ஆறு வாங்க மூன்றணா. மாற்றித் தைத்ததும் வீட்டுக்காரர் போட்டுப் பார்த்தார். தொடமாட்டேன் என்றவர் பிறகு அதைக் கழற்றவே இல்லை.

அடுத்து பாத்திரக்காரிகள். பழைய துணியை வாங்கிக்கொண்டு அதற்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் இவர்கள். காலையில் தெருத் தெருவாகப் போய்விட்டுப் பிற்பகலில் சேர்ந்த துணியைப் பிரித்துப் போடுவார்கள். அந்த நேரத்தில் போனால் நல்லதைப் பொறுக்கலாம். நான் போனது நாகம்மா என்பவளிடம். விலை பேசுவது தமிழில், விலையைக் குறைக்கலாமா என்று மகளோடு கலந்துகொள்வது தெலுங்கில். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று அவள் நினைத்தாள், அது உண்மையும்கூட. ஆனாலும் புரிந்ததுபோலத் தலையாட்டியதில் இரண்டணா குறைந்தது. கடுகு நிறத்தில் ஒரு பட்டுத் துண்டு, ரவிக்கைக்குக் காணும், ஒன்றேகால் ரூபாய். பட்டுச் சேலை மட்டும் அவளிடம் இல்லை. ஜரிகை வைத்த பட்டெல்லாம் பத்தரிடம்தான் போகும் என்றாள்.

பத்தர் என்றால் தங்க வேலை செய்கிறவர். கனமான பழைய ஜரிகைச் சேலைகளை வாங்கி, கரையை அறுத்து எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பது அந்தச் சமயத்தில் நல்ல தொழில். அவருடைய பட்டறையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மூட்டை. எரிக்கப் போகிற மூட்டையை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். மேலே கிடந்ததெல்லாம் நைந்தவை. அடியில் தனியாக ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி ஒன்று இருந்தது.

அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை. எங்குமே இழை விடவில்லை. முந்தானைக்கு ஒரு சாண் தள்ளிக் கரையோரத்தில் சின்னதாக ஒரு பச்சை இலை பூத்தையலில் போட்டிருந்தது. ஒரே ஓர் இலை. திருப்பிப் பார்த்தேன். தீப்பொறி பட்ட ஓட்டை ஒன்றை அந்த இலையால் மூடியிருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்த கை என்று பார்த்த உடனே தெரிந்தது. எனக்கு அந்தச் சேலையைவிட அந்த இலை பிடித்துப் போயிற்று.

"இத மட்டும் எரிக்க மனசு வரலம்மா. தை பொறந்தா ஆராச்சும் கேப்பாகன்னு வச்சிருந்தேன்," என்றார் பத்தர். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் கொண்டுவந்தாளாம். முக்காடு போட்டுக்கொண்டு வாசலோடு நின்று கொடுத்துவிட்டுப் போனாளாம். சொந்த ஊரில் ஒரு பொருளை விற்றால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் இங்கேயும் இந்த ஊர்க்காரர்கள் அங்கேயும் போய் விற்பதுதான் வழக்கம் என்றார். சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டேன். அதை என் உடுப்போடு சேர்த்துப் பார்க்கிற புத்தி அப்போது எனக்கு வரவில்லை. சேலையை வாங்கிவிட்டேன். வீட்டுக்காரர் விலையைக் கேட்டு நெற்றியில் கை வைத்தார். அன்றைக்கே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போட்டு எடுத்துவைத்தேன். ராத்திரி உட்கார்ந்து கடுகுப் பட்டில் பப் கை வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டேன். அரக்குக்குக் கடுகு, கரையிலிருக்கிற மயில்கழுத்தை இழுக்கக் கழுத்தில் ஒரு நீலப் பாசிமணி. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆளுக்கு மூன்றரை அணா. பெட்ரோல் கிடைக்காத காலம், கரி பஸ்தான். பின்பக்கம் உருளை மாதிரி ஒரு கரி அடுப்பு, அதைக் கண்டக்டர் கைச்சக்கரம் சுற்றி ஊதிய பிறகுதான் வண்டி நகரும். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "பட்டு உடுத்தாம வந்தீகளே, நல்ல காரியம். கரி பஸ்ல வெள்ளையா ஏறுறவுக எறங்கையில சாம்பலாத்தான் எறங்குவாக," என்றார். ஏழு மைலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு உடுத்துவதே நல்லது.

கல்யாண வீட்டில் முதலில் கண்ணில் பட்டவள் எஸ்தர், சின்ன அத்தையின் மருமகள். அவள் கல்யாணத்துக்கு எங்களால் வர முடியவில்லை. அவள் புருஷன் மலேயாவில் ஒரு தோட்டத்தில் கணக்குப் பிள்ளை. சண்டை வந்ததிலிருந்து நாலு வருஷமாகப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. உயிரோடு இருக்கிறேன், கப்பல் கிடைத்ததும் வருகிறேன் என்று அப்போதுதான் ஒரு கடிதம் வந்திருந்தது. எஸ்தர் ஒரு நூல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையாக இருந்தாள். கல்யாணப் பட்டை ஏன் உடுத்தவில்லை என்று பெண்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். வேலைக்கு நடுவில் பட்டு எதற்கு, பொறவு பார்ப்போம் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

சின்ன அத்தை விடவில்லை. சாயங்காலம் விருதுநகரிலிருந்து போட்டோக்காரர் வருகிறார், படத்தை மகனுக்கு அனுப்ப வேண்டும், அவன் எடுத்துக் கொடுத்த சேலையில் மருமகள் நின்றாக வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எஸ்தர் சரி என்றாள். அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கல்யாண அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விருந்தாளிகளுக்குப் பக்கத்து வீட்டை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே போய் உடுத்திக்கொண்டு நேரே வேதக்கோயிலுக்குப் போனேன். எஸ்தர் மணப்பெண்ணோடு முன் வரிசையில் இருந்தாள், நான் பின்னால். ஆராதனை முடிந்து பந்தலில் சாப்பாடு. பெண்கள் பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் என் ரவிக்கைக் கையைத் தொட்டுப் பார்த்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். ரவிக்கைத் துணி ஒன்றேகால் ரூபாய், நாகம்மாவிடம் வாங்கியது என்று நானும் ஆரம்பித்துவிட்டேன். சின்ன அத்தை பந்தி விசாரித்துக்கொண்டே வந்தவர் என் எதிரே நின்றார்.

"ஏட்டி பாக்கியம், இந்தச் சேலை எங்கன வாங்குன? எம்புட்டுக் குடுத்த?"

கேட்டுக்கொண்டே குனிந்து கரையைக் கையில் எடுத்தார். பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. இராஜபாளையம், பத்தர் பட்டறை, விலை, எரிக்கக் கிடந்ததை நான் மீட்டது எல்லாமே. அப்போதுதான் அவருக்குப் பின்னால் எஸ்தரைப் பார்த்தேன். சோற்றுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பச்சை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

பத்தர் சொன்ன முக்காடு, சாயங்காலப் போட்டோ, பொறவு பார்ப்போம் என்ற பதில், எல்லாம் எனக்கு ஒன்றாகப் புரிந்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் ஏழு மைல் கொண்டுபோய் விற்றதை நான் உடுத்திக்கொண்டு அவள் வீட்டுப் பந்தலுக்கே வந்திருக்கிறேன். பந்தியில் முப்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். புருஷன் எடுத்துக் கொடுத்த கல்யாணச் சேலையை விற்றவள் என்ற பேச்சு கடல் தாண்டிப் போக எத்தனை நாளாகும்?

"வாங்கல அத்தை, இரவல்," என்றேன். "நல்ல சேலை இல்லாம வந்துட்டேன். வந்ததும் எஸ்தர்ட்ட கேட்டேன், பெட்டியத் தொறந்து இத எடுத்துக் குடுத்தா."

ஊருக்கெல்லாம் விலை சொல்கிற பாக்கியம் இரவல் சேலையில் வந்திருக்கிறாள் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சின்ன அத்தை கரையை விடவில்லை. செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எஸ்தர் பக்கம் திரும்பி, கல்யாணப் பட்டைப் போய் ஒருத்தி இரவல் கொடுப்பாளா, உனக்கெல்லாம் எப்போதுதான் சமர்த்து வரும் என்று சத்தமாகத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு நிம்மதியாக நின்ற மருமகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாப்பிட்டதும் அவிழ்த்துக் கொடுத்துவிடு, சாயங்காலம் அவள் உடுத்த வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தை அடுத்த இலைக்குப் போனார்.

நான் கை கழுவின கையோடு ஆண்கள் பக்கம் ஓடினேன். வீட்டுக்காரர் கோட்டின் விலையைச் சொல்லி முடித்து, அடுத்ததாகச் சேலை விலைக்கு வந்துகொண்டிருந்தார். கூப்பிட்டுக் காதில் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் போய் உட்கார்ந்து பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

பக்கத்து வீட்டில் சேலையை மடித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் வந்தாள். கார்த்திகை மழையில் அவளுடைய ஐந்து வயசுப் பிள்ளைக்கு நிமோனியா கண்டதாம். சின்ன அத்தை மகள் கல்யாணத்துக்கென்று ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்து முடிந்து வைத்திருந்ததில் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சேலையை விற்று டாக்டருக்குக் கொடுத்தாள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பணத்தைத் தந்துவிடுகிறேன் அக்கா என்றாள். இரவல் வாங்கின சேலைக்கு யாராவது காசு வாங்குவார்களா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். உள்ளதைச் சொன்னால், அந்தச் சேலையைக் கையைவிட்டுக் கொடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்னொரு தடவை அப்படி ஒரு சேலை அகப்படுமா?

சாயங்காலம் போட்டோ எடுத்தார்கள். எஸ்தர் நடுவில் அரக்குப் பட்டில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓரத்தில் கண்ட்ரோல் வெள்ளைச் சேலையில், கடுகு ரவிக்கையோடு. முரட்டு வெள்ளைக்குக் கடுகுப் பட்டு அப்படி எடுப்பாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இப்போதும் அப்படி உடுத்துகிறேன், நீங்களும் உடுத்திப் பாருங்கள்.

மறுநாள் கிளம்பும்போது சின்ன அத்தை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார். வீட்டுக்காரர் இடம் பிடிக்க ஏறியதும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார். பிரித்தால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. அவருடையதுதான், நான் பார்த்திருக்கிறேன்.

"பழசுதான். ஒனக்குத்தான் பழசுன்னா பிடிக்குமே," என்றார். எதற்கு அத்தை என்றேன்.

"அவ பெட்டியில எப்பவும் தாழம்பூ கெடக்கும். நீ உடுத்தியிருந்ததுல பூந்திக்கொட்டை வாசனைல்ல அடிச்சுது? கேட்ட பொறவுதான் அவ போட்ட அந்த எலையப் பாத்தேன். நாலு பேரு முன்னாடி கேட்டுத் தொலச்சேன், நீ சமாளிச்ச. டாக்டரு நாலு வாட்டி வீட்டுக்கு வந்து போனாரு. பீசு எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு நான் அவளைக் கேக்கல. கேட்டா எம் பண முடிப்ப அவுக்கணுமே. அது எந் தப்பு."

பஸ்ஸில் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே, பிள்ளை கூசிப்போகும் என்றார். சொல்லமாட்டேன் என்றேன். இந்தச் சேலையை எங்கே வாங்கினாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டார். இரவல் என்று சொல்கிறேன் என்றேன்.

"இதத் திருப்பித் தர வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

சின்ன அத்தை இந்த வருஷம் தவக்காலத்தில் காலமானார். எஸ்தரின் புருஷன் எப்போதோ ஊர் வந்து சேர்ந்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும், அவளே சொல்லிவிட்டாள். இதை எழுதட்டுமா என்று எஸ்தருக்குக் கடிதம் போட்டேன். தாராளமாக எழுதுங்கள் அக்கா, அத்தைக்குத் தெரியாமலே போய்விட்டது, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல் என்று பதில் வந்தது. பஸ் நிற்கிற இடத்தில் நடந்ததை நான் அவளிடம் சொன்னதில்லை. உங்களோடு சேர்ந்து அவளும் இங்கேதான் படிக்கப் போகிறாள். எஸ்தர், அத்தை உன்மேல் கோபப்படவில்லை. தன்மேல்தான்.

இனிப் போகிறவர்களுக்கு. இராஜபாளையத்தில் சந்தை நாளாகப் பார்த்துப் போங்கள். பிற்பகலில் பாத்திரக்காரிகளைப் பிடியுங்கள். பூந்திக்கொட்டை கையோடு கொண்டுபோங்கள், அங்கே தேடி அலைய வேண்டாம். இப்போது பஸ் பெட்ரோலில் ஓடுகிறது, நாலணா, அரை மணி நேரத்தில் போய்விடலாம். எல்லா விலையும் எழுதிவிட்டேன், அரக்குப் பட்டின் விலையை மட்டும் எழுதவில்லை. எழுதினால் எஸ்தர் மணியார்டர் அனுப்பிவிடுவாள்.

கடைசியாக ஒன்று. இராஜபாளையத்தில் வாங்கிய பட்டை ஸ்ரீவில்லிபுத்தூரில் உடுத்தாதீர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கியதை இராஜபாளையத்தில் உடுத்தாதீர்கள். தெரியாமல் உடுத்திக்கொண்டு போய், ஒருத்தி உங்கள் சேலையைப் பார்த்து முகம் வெளுத்து நின்றால், அது இரவல் என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.